தஞ்சாவூர் சுவார்ட்ஸ் சர்ச்: போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, அப்படியே பின்பக்கமாகச் சிவகங்கைக் குளத்தோரம் இருக்கும் பழைய சர்ச்சுக்கும் கூட்டிப் போவது எனக்குப் பழக்கம். போன ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான் வருகின்றன. மன்னர் கட்டினாரா, கல்லறை எங்கே, உள்ளே விடுவார்களா என்று. இனி வருகிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த சர்ச்சைப் பற்றிச் சொல்கிறீர்கள்? தஞ்சாவூரில் நிறைய இருக்கிறதே?

பெரிய கோயில் இருக்கும் அதே சின்னக் கோட்டைக்குள், கோயிலுக்கு வடக்கே, சிவகங்கைக் குளத்தை ஒட்டி இருப்பது. 1779இல் கட்டியது. முறையான பெயர் கிறிஸ்து ஆலயம். ஆனால் ஊரில் சுவார்ட்ஸ் சர்ச் என்றால்தான் தெரியும். இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி-தஞ்சை திருமண்டலத்தைச் சேர்ந்தது.

சரபோஜி மன்னர் சுவார்ட்ஸ் மேல் வைத்த அன்பின் அடையாளமாக 1779இல் கட்டியது என்று போட்டிருக்கிறதே?

நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு முறை கைடு ஒருவர் என் விருந்தாளிகளிடம் இதையே உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், குறுக்கே பேச மனசு வரவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். இரண்டாம் சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பரில். 1779இல் அவருக்கு இரண்டு வயது. இன்னும் அரண்மனைக்குத் தத்துப் பிள்ளையாகக்கூட வரவில்லை. அப்போது ஆண்டவர் துளஜா மன்னர். கட்டியது சுவார்ட்ஸ். கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படைக்காரர்களும் ஊரில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களும் கும்பிடுவதற்காகக் கட்டினார்.

சரபோஜி இந்த ஆலயத்துக்குக் கொடுத்தது கட்டடம் அல்ல, உள்ளே இருக்கும் ஒரு பளிங்குச் சிற்பம். இரண்டையும் யாரோ ஒருவர் எப்போதோ கலந்து எழுதிவிட்டார், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டே போகிறார்கள் என்று நினைக்கிறேன். உண்மையில் நடந்தது இந்தக் கதையைவிட நன்றாகவே இருக்கிறது.

சுவார்ட்ஸ் என்பவர் யார்?

கிறிஸ்தியான் ஃபிரீட்ரிக் சுவார்ட்ஸ். 1726இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார். 1750இல், டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து திருச்சி, பிறகு தஞ்சாவூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரிலேயே இறந்தார். நாற்பத்தெட்டு வருஷம் காவிரிக்கரையில் வாழ்ந்தவரை வெளிநாட்டுக்காரர் என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

தமிழோடு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசு எல்லாம் பேசுவார். மராத்தி தெரிந்ததால்தான் அரண்மனையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேராகப் பேச முடிந்தது. தஞ்சாவூர் மன்னர்கள் போன்ஸ்லே வம்சத்து மராத்தியர்கள் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதிரியாருக்கும் அரண்மனைக்கும் அவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது?

இதுதான் நின்று கேட்கவேண்டிய கதை. குளக்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து சொல்வேன்.

துளஜா மன்னருக்குச் சுவார்ட்ஸை முதலிலிருந்தே பிடித்திருந்தது. 1773இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து தஞ்சாவூரைப் பிடித்து மன்னரைச் சிறை வைத்தார்கள். 1776இல் ராஜ்யம் திரும்பக் கிடைத்தது, ஆனால் மன்னர் பழைய மனிதராக இல்லை. யாரையும் நம்ப முடியாத அரண்மனை. அந்த நேரத்தில் காசுக்கு ஆசைப்படாத ஒரு ஆள் என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டவர் சுவார்ட்ஸ்.

எல்லாத் தரப்பும் என்று சும்மா சொல்லவில்லை. 1779இல் சென்னை கவர்னர், மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் மனசை அறிந்துவரச் சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணம் அனுப்பினார். ஆங்கிலேயத் தூதர்களை நம்பாத ஹைதர், இவர் ஏமாற்ற மாட்டார் என்று சொல்லிப் பேச ஒப்புக்கொண்டார். வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதைச் சுவார்ட்ஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒதுக்கினார். அடுத்த வருஷமே போர் வந்தது. ஹைதர் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியபோது ஊரெல்லாம் பஞ்சம். கோட்டைக்குள் நெல் கொண்டுவர விவசாயிகள் மறுத்தார்கள். முன்னால் கொண்டுவந்ததற்கே காசு வரவில்லையே! மன்னர் சொல்லியும் வரவில்லை, ஆங்கிலேயர் சொல்லியும் வரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகு மாட்டு வண்டிகள் வந்தன. முன்கூட்டியே அரிசி வாங்கி வைத்திருந்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சியும் ஊற்றினார்.

அப்புறம் 1787. துளஜா மன்னர் மகன், மகள், பேரன் எல்லாரையும் பறிகொடுத்து நோயில் கிடந்தார். உறவில் ஒரு பையனைத் தத்தெடுத்தார். அந்தப் பையன்தான் சரபோஜி. சுவார்ட்ஸை வரவழைத்து, "இவன் என் பிள்ளை இல்லை, உங்கள் பிள்ளை, உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்" என்றார். சுவார்ட்ஸ் காவலராகப் பொறுப்பேற்க மறுத்துவிட்டார். அரண்மனைக்குள் நாலு கட்சிகள் இருக்கும்போது ஒரு பாதிரியால் பையனைக் காப்பாற்ற முடியாது, உங்கள் சகோதரர் அமர்சிங்கிடம் ஒப்படையுங்கள் என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனை சரியாக அமையவில்லை. துளஜா இறந்ததும், தத்தெடுத்தது சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னதை வைத்துக் கம்பெனி அமர்சிங்கையே மன்னராக்கியது. பையனை வெளிச்சம் வராத அறையில் அடைத்தார்கள், படிப்பும் இல்லை. சுவார்ட்ஸ் சென்னைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, பையனுக்குக் காவல் போடவைத்து, 1793இல் சென்னைக்கே அனுப்பிவைத்தார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மன் மிஷனரியிடம் சரபோஜி படித்தார். தத்து செல்லும் என்று புதிதாகச் சாஸ்திர விசாரணை நடந்தது. 1798 ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். அதைப் பார்க்கச் சுவார்ட்ஸ் இல்லை, நாலு மாதத்துக்கு முன்பே போய்விட்டார்.

சரி, உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

கட்டடம் எளிமையானது. பெரிய கோயிலைப் பார்த்த கண்ணோடு போனால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். பீடத்துக்கு எதிர்ப்புறம், மேற்குப் பக்கத்துக்குத் திரும்புங்கள். அங்கேதான் வெள்ளைப் பளிங்குச் சிற்பம் இருக்கிறது.

கட்டிலில் சாகும் தறுவாயில் சுவார்ட்ஸ். பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் சரபோஜி. இன்னொரு பக்கம் கெரிக்கே. கட்டிலை ஒட்டி சுவார்ட்ஸின் பள்ளிப் பிள்ளைகள். அரசரானதும் சரபோஜி லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்கு எழுதி, தன் செலவில் செய்யச் சொன்னது இது. செதுக்கியவர் ஜான் ஃபிளாக்ஸ்மன். அந்தக் காலத்து இங்கிலாந்தின் முதல் வரிசைச் சிற்பி. இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தஞ்சாவூர் முகங்களைக் கொஞ்சம் கிரேக்கச் சாயலில் செதுக்கியிருக்கிறார் என்று எனக்குப் படும், நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நாம் "ராஜா" என்று விரல் நீட்டிக் காட்டும் அந்த இளைஞர் அந்தப் பிப்ரவரியில் ராஜா இல்லை. உரிமை கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்த இருபது வயசுப் பையன். இரண்டு, அரசர்கள் தங்களைச் செதுக்கச் சொன்னால் குதிரை மேலோ சிம்மாசனத்திலோ இருப்பார்கள். இவர் காசு கொடுத்து ஒரு கிழவரின் சாவுப் படுக்கை பக்கத்தில் தன்னை நிற்க வைத்துக்கொண்டார்.

சுவார்ட்ஸின் கல்லறை இங்கேதானே?

இல்லை. பாதிப் பேர் தவறவிடுவது இதைத்தான். நானே முதல் தடவை நண்பர் ஒருவரை அழைத்துப் போய்க் கிறிஸ்து ஆலயத்தைச் சுற்றிச் சுற்றிக் கல்லறை தேடினேன்.

அவரை அடக்கம் செய்தது கோட்டைக்கு வெளியே இருக்கும் தூய பேதுரு ஆலயத்தில். அதுவும் அவர் தொடங்கியதுதான். ஆட்டோவில் ஏறி "செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்" என்று சொல்லுங்கள். உள்ளே கல்லறைக் கல்லில் ஆங்கிலத்தில் ஒரு கவிதை பொறித்திருக்கும். எழுதியவர் சரபோஜியே. உறுதியானவர், பணிவானவர், அறிவுள்ளவர், வேஷம் தெரியாதவர், அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று வரிசையாகப் போகும். கடைசியில், "என் தந்தையே, உமக்குத் தகுந்தவனாக நான் இருக்க வேண்டும்" என்று வேண்டிக்கொண்டு, "உம்முடைய சரபோஜி" என்று முடிகிறது. யாப்பு கொஞ்சம் நொண்டும். சென்னையில் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்ற இளம் மன்னர் எதுகை தேடித் தேடி எழுதியது என்று தெரியும். அதனாலேயே எனக்குப் பளிங்கைவிட இந்தக் கல் பிடிக்கும்.

அடக்கத்தையே கொஞ்ச நேரம் தள்ளிவைத்தார்களாம், சரபோஜி கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக. வந்தவர் அழுதார், உடல் மேல் பொன்னாடை போர்த்தினார், கல்லறை வரை கூடவே நடந்தார்.

அப்படியானால் சரபோஜி கிறிஸ்தவராக மாறிவிட்டாரா?

மாறவில்லை. இந்து மன்னராகவே வாழ்ந்து 1832இல் இறந்தார். பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாக வெட்டிவைத்தவரும் அவர்தான், 1803இல். சுவரில் அதையும் தேடிப் பாருங்கள். இந்தப் பக்கம் சர்ச்சுக்குப் பளிங்கு, அந்தப் பக்கம் கோயிலில் கல்வெட்டு, நடுவில் அரண்மனையின் சரசுவதி மகால் நூலகத்துக்கு மூட்டை மூட்டையாகப் புத்தகம். கிறிஸ்தவ ஏழைப் பிள்ளைகளையும் தன் செலவில் பராமரித்தார். சுவார்ட்ஸின் மாணவரான வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், இவருக்கு நெருங்கிய நண்பர். "மாறியிருப்பாரே?" என்று கேட்பவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். ஏன் அப்படித்தான் யோசிக்க வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை.

சுவார்ட்ஸ் கம்பெனியின் ஆள்தானே? ராஜ்யத்தைப் பிடிக்க வழி செய்தவர் என்றும் சொல்கிறார்களே?

நியாயமான கேள்வி. கம்பெனிக்காகத் தூது போனார், திருச்சியில் கம்பெனிப் படைக்கு குருவாக இருந்து சம்பளம் வாங்கினார். சம்பளத்தைப் பெரும்பாலும் மிஷனுக்கே செலவிட்டார் என்றாலும் வாங்கியது வாங்கியதுதான். அவர் ஆதரித்த சரபோஜி, பட்டத்துக்கு வந்த மறுவருஷமே, 1799இல், உடன்படிக்கை எழுதி ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கோட்டையும் மானியமும்தான் மிச்சம். அமர்சிங் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா என்று கேட்டால் கேட்கலாம். ஆனால் அடைபட்ட பையனை வெளியே கொண்டுவந்தவருக்குப் ஆறு வருஷத்துக்குப் பின்னால் வரும் உடன்படிக்கையைக் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஆலயத்தில் சாதி பார்த்தார்களா?

பார்த்தார்கள். தஞ்சாவூர் சபையில் வேளாளரும் தலித்துகளும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சுவார்ட்ஸ் அதை உடைக்கவில்லை, காலப்போக்கில் போய்விடும் என்று விட்டுவைத்தார். போகவில்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை ஒழிக்க உத்தரவு போட்டபோது இங்கே பெரிய சண்டை. வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். பெருமை பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

டிக்கெட் உண்டா? எப்போது போகலாம்?

இது அருங்காட்சியகம் இல்லை, சபை கூடும் ஆலயம். டிக்கெட் கவுன்டரை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். காணிக்கைப் பெட்டியில் உங்கள் மனம் போல் போடுங்கள். கதவு பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிட வேண்டாம். வளாகத்தில் இருப்பவர்களிடம், "ராஜா சிற்பம் பார்க்கணும்" என்று பொறுமையாகக் கேளுங்கள். குழுவாகப் போவதானால் முன்கூட்டியே ஆயரிடம் சொல்லி வைப்பது நல்லது. கல்யாணம், ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்கிறேன் என்று உள்ளே நடக்காதீர்கள். ஆராதனைக்கே உட்கார ஆசை என்றால் தாராளமாக உட்காரலாம், பின்வரிசையில்.

மாதம் என்றால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. மே மாதம் தஞ்சாவூருக்கு வருகிறேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, மோர் மட்டும் கொடுப்பேன்.

உடை, செருப்பு, போட்டோ?

கோயிலுக்குப் போவதுபோல் உடுத்தியிருந்தால் போதும். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பளிங்கைத் தொடாதீர்கள். பிள்ளைகளின் கை நேராகச் சிற்பத்தில் இருக்கும் பையன்களின் தலைக்குத்தான் போகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

எப்படிப் போவது?

திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வசதி. ரயிலடியில் இறங்கினால் ஆட்டோ பிடித்துச் சில நிமிஷம். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்டு வந்துவிடுங்கள். பெரிய கோயிலிலிருந்து நடந்தே போகலாம்.

அரை நாள் இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம்?

காலையில் பெரிய கோயில், மராத்திக் கல்வெட்டையும் சேர்த்து. வெயில் ஏறும் முன் கிறிஸ்து ஆலயம். பிறகு அரண்மனை. அங்கே நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலை, கை கூப்பி நிற்பது. செதுக்கியவர் சான்ட்ரி என்ற இன்னொரு ஆங்கிலேயச் சிற்பி. கட்டில் பக்கம் நின்ற பையனை ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்துவிட்டு, இப்போது கூம்புத் தொப்பி வைத்த மன்னரைப் பார்ப்பது நன்றாக இருக்கும். சரசுவதி மகாலும் அதே வளாகம். கடைசியாகத் தூய பேதுரு ஆலயம். நேரம் குறைந்தால் எதை வேண்டுமானாலும் விடுங்கள், அந்தக் கல்லை மட்டும் விடாதீர்கள்.

இதே தொடர்பில் வேறு ஊர்களில் என்ன பார்க்கலாம்?

திருச்சிக் கோட்டையில் சுவார்ட்ஸ் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரை எழுத்துகளைப் பார்க்கலாம், அதுவும் அரச குடும்பத் தொடர்புதான். சென்னைக்காரர்கள் தூரம் போகவே வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயத்தில் சுவார்ட்ஸின் மரணத்தைக் காட்டும் இன்னொரு பளிங்குச் சிற்பம் உண்டு. அது கம்பெனி வைத்தது, செதுக்கியவர் ஜான் பேக்கன். இரண்டையும் பார்த்தவர்களிடம் எது பிடித்தது என்று கேட்பேன். இதுவரை எல்லாரும் தஞ்சாவூர்ச் சிற்பம் என்றே சொல்லியிருக்கிறார்கள், கேட்டவன் தஞ்சாவூர்க்காரன் என்பதால்கூட இருக்கலாம். கோட்டைக்குள் போக அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் கேட்பார்கள்.